எல்லோரும் வரலாம் என்கிறார்களே, நிஜமாகவே வரலாமா? கொயர் பயிலரங்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில், மேற்கு யார்க்‌ஷர் பக்கம், 11 வருடமாக இருக்கிறேன். அதில் 8 வருடமாக ஊர்க் கொயர் ஒன்றில், அதாவது சேர்ந்து பாடும் குழுவில், பாடுகிறேன். அந்தக் கொயர் வருடத்தில் நாலைந்து சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் வரக்கூடிய பயிலரங்கு நடத்தும். வாசலில் மேசை போட்டுப் பெயர் எழுதிக்கொள்வது என் வேலை. தெரிந்த தமிழர்கள், அவர்கள் யாழ்ப்பாணமோ மதுரையோ மலேசியாவோ, கேட்கும் கேள்விகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்பிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் இங்கே.

இது என்ன, கச்சேரியா, வகுப்பா, பஜனையா?

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஒரு ஹாலில் முப்பது, நாற்பது பேர் வட்டமாக நிற்பார்கள். பாட்டுச் சொல்லித்தருகிறவர் நடுவில் நிற்பார். அவர் ஒரு வரி பாட, நாம் திருப்பிப் பாடவேண்டும். இதுவரை பஜனைதான். அப்புறம் இன்னொரு பக்கத்தில் நிற்பவர்களுக்கு அதே சொற்களை வேறு மெட்டில் சொல்லித்தருவார். மூன்றாவது பக்கத்துக்கு மூன்றாவது மெட்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாடும்போது அந்த ஹாலில் ஒன்று நடக்கும். அதற்காகத்தான் ஜனங்கள் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறார்கள்.

இந்த நாட்டில் இப்படிப்பட்ட நாட்கள் இரண்டு விதம். ஒன்று, கையில் நோட்டேஷன் (இசைக் குறியீடு) புத்தகத்தோடு பெரிய படைப்பு ஒன்றை ஒரே நாளில் பாடி முடிப்பது. ஹேண்டல் என்ற இசையமைப்பாளரின் 'மெசையா'வை இப்படிப் பாடுவதற்கு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். 1970களில் தொடங்கிய வழக்கம் அது. மற்றது காதால் கேட்டுக் கற்பது. பிரான்கி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற நாட்டுப்புறப் பாடகி 1975 முதல் நடத்திய குரல் பயிலரங்குகளிலிருந்து இந்த வழி பரவியது. கண்பார்வை இழந்தவர் அவர். அவரிடம் பயின்றவர்கள் 1990களில் 'நேச்சுரல் வாய்ஸ்' என்ற பெயரில் வலைப்பின்னல் அமைத்தார்கள். பேசத் தெரிந்த எல்லோருக்கும் பாடவும் உரிமை உண்டு என்பது அவர்கள் கட்சி. எங்கள் கொயரும் அந்த வழிதான். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வகைக்கே பொருந்தும். முதல் வகைக்குப் போவதானால் கொஞ்சமாவது நோட்டேஷன் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது.

எனக்குக் குரலே கிடையாது. வரலாமா?

மேசைக்கு வரும் பத்துப் பேரில் ஏழு பேர் இதைச் சொல்லாமல் பெயர் எழுதுவதில்லை. நானும் சொன்னவள்தான். ஆறாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் பழகும்போது டீச்சர் என்னைப் பார்த்து, "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்றார். அசைத்தேன். அதன்பிறகு இருபது வருடம் வாயை அசைக்கவும் இல்லை. இதே கதையை வெள்ளைக்காரர்களும், கயானாக்காரர் ஒருவரும், பஞ்சாபி அம்மா ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஊர் மாறுகிறது, டீச்சர் மாறுவதில்லை.

சுருதி வித்தியாசமே காதில் விழாத நிலை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அமூசியா என்பார்கள். அது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் பிறப்பிலேயே இருப்பது. ஒரு பாட்டை வேறு யாரோ தப்பாகப் பாடினால் உங்களுக்கு முகம் சுளிக்கிறதா? அப்படியானால் உங்கள் காது சரியாக இருக்கிறது. கேட்டதைத் தொண்டையில் கொண்டுவருவது பழக்கம். சைக்கிள் மாதிரி, விழுந்து விழுந்து வரும். இங்கே விழுந்தாலும் நாற்பது பேருக்கு நடுவே விழுகிறீர்கள், சத்தம் வெளியே தெரியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குரல் நன்றாக இருக்கிறவர்கள்தான் சில சமயம் தொந்தரவு. தன் குரல் தனியாகக் கேட்கவேண்டும் என்று நினைக்கும் ஒருவர் போதும், முப்பது பேரின் ஒலி ஒன்றாகக் கலக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும்.

தனியாகப் பாடச் சொல்வார்களா? மேடை உண்டா?

இல்லை. இல்லை. சில இடங்களில் நாள் முடிவில் குடும்பத்தாரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பாடிக் காட்டுவதுண்டு. நிற்க விருப்பமில்லையென்றால் உட்கார்ந்து கேட்கலாம்.

நோட்டேஷன் படிக்கத் தெரியாதே?

தேவையில்லை. ஆனால் இதில் நம்மவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய சுவாரசியமான சமாச்சாரம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே மில் தொழிலாளர்களும் வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர்களும் நான்கு குரல் இசையைப் பாடக் கற்றது ஐந்து கோட்டு நோட்டேஷனைப் படித்து அல்ல. நாரிச் ஊரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுத்துகளை வைத்தே ஒரு முறை செய்தார். ஜான் கர்வன் என்ற பாதிரியார் அதை மாற்றியமைத்து நாடெங்கும் பரப்பினார். டோ, ரே, மீ என்பவற்றின் முதல் எழுத்துகள்தான் அதில் ஸ்வரங்கள். இதில் 'டோ' எங்கே வேண்டுமானாலும் உட்காரும். நம் 'ஸ' எப்படி அவரவர் கட்டைக்கு (பாடும் சுருதிக்கு) நகருமோ அப்படியே. ஸரிகம சொல்லத் தெரிந்தவருக்கு இது அரை மணி நேரத்தில் பிடிபடும். எங்கள் பக்கத்து ஹடர்ஸ்ஃபீல்டில் 1836இல் தொடங்கிய கோரல் சொசைட்டி இன்றும் பாடுகிறது. இந்த வட்டாரத்தில் கொயர் என்றால் சும்மா பொழுதுபோக்கு இல்லை, பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம்.

ஆறு வருடம் கர்நாடக சங்கீதம் படித்திருக்கிறேன். உதவுமா?

உதவும். தொந்தரவும் செய்யும். எதில் எது என்று சொல்கிறேன்.

சுருதி உணர்வும் தாளமும் மனப்பாடமும் பெரிய பலம். ஒரு வரியை இரண்டு முறை கேட்டாலே பிடித்துக்கொள்வீர்கள். ஐந்தும் ஏழுமாக வரும் பால்கன் (தென்கிழக்கு ஐரோப்பா) தாளங்களில் மற்றவர்கள் தடுமாறும்போது நீங்கள் கண்டசாபு, மிஸ்ரசாபு என்று தொடையில் தட்டிக்கொண்டு ஜம்மென்று நிற்பீர்கள்.

சிக்கல் மூன்று இடங்களில் வரும். முதலாவது கட்டை. உங்கள் ஆசிரியர் உங்களை ஐந்தரைக் கட்டையில் வைத்திருப்பார், அதுவே உங்கள் வீடு. இங்கே பாட்டுக்குப் பாட்டு ஆதார சுருதி மாறும், அதை நீங்கள் தேர்ந்தெடுக்கவும் முடியாது. இரண்டாவது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. மூன்று குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி நிற்கும்போது ஒரு குரல் அசைந்தால் அடுக்கு சரியும். ஸ்வரத்தைக் கோடு போட்ட மாதிரி நேராகப் பிடிக்கவேண்டும். கமகத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வாருங்கள், போகும்போது எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது மனசு. பாட்டின் முக்கிய மெட்டு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். நாலே ஸ்வரத்தில், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும் வரி கிடைக்கும். "இதுக்கா ஆறு வருஷம் படிச்சேன்?" என்று ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். அன்று மாலை எல்லாக் குரலும் சேர்ந்தபோது, அவளுடைய அந்த நாலு ஸ்வரம் இல்லாவிட்டால் பாட்டே நிற்காது என்பது அவளுக்கே கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

பக்கத்தில் நிற்பவர் வேறு மெட்டுப் பாடினால் நான் எப்படி என்னுடையதைப் பாடுவேன்?

இதுதான் உண்மையான கேள்வி. நாம் வளர்ந்த இசையில் எத்தனை பேர் சேர்ந்தாலும் மெட்டு ஒன்றுதான். திருவையாறில் நூற்றுக்கணக்கானவர்கள் பஞ்சரத்னம் பாடினாலும் எல்லோர் வாயிலும் ஒரே வரி. கோயில் பஜனையும் கும்மியும் அப்படியே. அடுத்தவர் பாடுவதோடு ஒட்டிப்போவதே நமக்குப் பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் காலை வாரும். முதல் நாள் காலை முழுக்க நான் பக்கத்து அம்மா பாடியதையே பாடிக்கொண்டிருந்தேன். அவர் வேறு அணி என்பது மதியச் சாப்பாட்டில்தான் தெரிந்தது.

ஆனால் ஹார்மனி, அதாவது வெவ்வேறு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் இசைந்து ஒலிப்பது, நம் காதுக்கு அந்நியம் என்று நினைக்கவேண்டாம். நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மீட்டுவது ஸட்ஜமும் பஞ்சமமும்தான். யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் அதற்குள்ளிருந்து மெல்ல எழும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அந்த ஸ, க, ப மூன்றையும் மூன்று பேர் வாய்விட்டுப் பாடினால் அதுதான் மேற்கத்தியர்களின் மேஜர் கார்டு. இளையராஜா பாட்டில் பின்னணியில் பெண்கள் குழு அடுக்கடுக்காக ஹம்மிங் செய்யும்போது உங்களுக்குச் சிலிர்த்திருக்கும். அதுவும் இதே குடும்பம்.

பழக்குவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் சுழல் பாட்டு. எல்லோருக்கும் ஒரே மெட்டு, ஆனால் இரண்டாவது அணி ஒரு வரி தாமதமாகத் தொடங்கும், மூன்றாவது இன்னும் ஒரு வரி தள்ளி. தனியாக எதையும் கற்காமலே ஹார்மனி வந்துவிடும். இந்த நாட்டில் இது பழைய விளையாட்டு. கோடை வந்ததென்று குயிலைப் பாடச் சொல்லும் இப்படியான ஒரு பாட்டு 13ஆம் நூற்றாண்டுச் சுவடியிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகுதான் தனித்தனி வரிகள். அப்போது என் யோசனை: காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள். பொத்தினால் உங்கள் வரி மண்டைக்குள் தெளிவாகக் கேட்கும், சுருதி மட்டும் மெதுவாக இறங்கிப்போகும். ஒரு காதை உங்கள் அணியிடமும் மற்றதை ஹாலிடமும் கொடுங்கள். வரி தொலைந்துவிட்டால் நிறுத்திவிடலாம். நாலு மாத்திரை கேட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம், ஓடுகிற டவுன் பஸ்ஸில் ஏறுவது போல.

மூச்சைப் பற்றியும் கவலை வேண்டாம். நீண்ட ஸ்வரத்தை எல்லோரும் ஒரே மூச்சில் பிடிப்பதில்லை. ஆளுக்கொரு நேரத்தில் நடுவே மூச்சு எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பச் சேர்ந்துகொள்வார்கள். கேட்பவருக்கு முடிவில்லாத ஒரே மூச்சாக இருக்கும்.

சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்கிறார்களே. நான் எதில்?

பெண்களில் மேலே போகும் குரல் சோப்ரானோ, கீழே ஆல்ட்டோ. ஆண்களில் மேலே டெனர், கீழே பேஸ். புத்தகப்படி அவ்வளவுதான். பயிலரங்கில் யாரும் உங்களைச் சோதித்து முத்திரை குத்தமாட்டார்கள். "மேலே பாட விருப்பமா, நடுவிலா, கீழேயா?" என்று கேட்பார்கள். தொண்டை வலித்தால் அடுத்த பாட்டுக்கு இடம் மாறலாம்.

என் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து ஆறு மாதம் வந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 71. கனத்த குரல். ஊரில் போனை எடுத்தால் "சார்" என்று பேசுவார்கள். அதனாலேயே அடுப்படிக்கு வெளியே பாடியதில்லை. பயிலரங்கில் சும்மா பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தார். அன்று டெனர் பக்கம் மூன்றே பேர். அம்மா முணுமுணுப்பதைக் கேட்ட ஒருவர் நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டுவிட்டார். ஊர்க் கொயர்களில் டெனர் பாடும் பெண்கள் நிறைய உண்டு, அம்மாவுக்கு அது தெரியாது. திரும்பும்போது காரில், "என்னைய ஆம்பளைங்க பக்கம் உக்கார வச்சுட்டாங்களே" என்றார். கோபமா பெருமையா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த பயிலரங்கு எப்போது என்று இரவே கேட்டார்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

பத்து மணிக்கு டீ, பத்தரைக்கு உடம்பைத் தளர்த்துவது. தோளைச் சுழற்றுவது, கொட்டாவி விடுவது, உதட்டைக் குதிரை மாதிரி படபடக்க விடுவது, 'ங்ங்ங்' என்று மூக்கொலியில் கீழிருந்து மேலே சைரன் போல ஏறுவது. நமக்குப் பள்ளிக்கூடத்தில் எதற்கும் உதவாத எழுத்தாக இருந்த ங இங்கேதான் பிழைப்புக்கு உதவுகிறது. வெட்கமாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஜட்ஜும் அதையேதான் செய்துகொண்டிருப்பார், அதனால் பரவாயில்லை. மதியத்துக்குள் இரண்டு பாட்டு, மதியத்துக்குப் பிறகு இரண்டு. நாலு மணிக்கு எல்லாவற்றையும் ஒருமுறை பாடிவிட்டு நாற்காலி அடுக்குவோம்.

சர்ச் ஹாலில் நடக்கிறதே, கிறிஸ்தவப் பாட்டுகளா?

ஹால் வாடகைக்கு எடுத்தது. ஊரில் மலிவான, எதிரொலி நன்றாக இருக்கும் பெரிய அறை அதுதான். பாட்டுகள் பல நாட்டிலிருந்து வரும். அதிகமாக வருவது காக்கசஸ் மலைப்பக்கத்து நாடான ஜார்ஜியா. மூன்று குரல்களாகப் பாடும் அவர்களுடைய மரபை யுனெஸ்கோ 2001இல் சிறப்பித்து அறிவித்தது. 1977இல் விண்வெளிக்குப் போன வாயேஜர் விண்கலத்தின் இசைத்தட்டிலும் ஒரு ஜார்ஜியப் பாட்டு போயிருக்கிறது. விருந்துப் பாட்டும் அறுவடைப் பாட்டும் உண்டு, தேவாலயப் பாட்டும் உண்டு. தென்னாப்பிரிக்க விடுதலைப் பாட்டுகளிலும் சாமி பெயர் வரும். நான் இந்து. பாடுகிறேன், எனக்கு எதுவும் குறையவில்லை. மனசு ஒப்பாதவர்கள் அந்தப் பாட்டுக்கு உட்கார்ந்துவிடலாம். எங்கள் குழுவில் ஒரு முஸ்லிம் தோழி அப்படித்தான் செய்வாள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஆங்கிலம் சரளமாக வராதே?

பாதிப் பாட்டு ஆங்கிலமே இல்லை. ஜூலு மொழிச் சொற்களின் முன் ஹாலில் எல்லோரும் சமம். நான் சொற்களைத் தமிழில் எழுதிக்கொள்வேன். நம் எழுத்தில் 'ப'வும் 'ba'வும் ஒன்றாகிவிடுவதால் 'ba'வுக்குக் கீழே புள்ளி வைத்துக்கொள்வது என் சொந்த ஏற்பாடு.

தமிழ்ப் பாட்டுப் பாடுவார்களா?

நீங்கள் சொல்லிக்கொடுத்தால் பாடுவார்கள். ஆளுக்கொரு பாட்டுக் கொண்டுவரும் பயிலரங்கில் நான் ஒருமுறை தாலாட்டு சொல்லிக்கொடுத்துத் தோற்றேன். அதன் உயிர் வளைவுகளில் இருக்கிறது, நாற்பது பேர் சேர்ந்து வளைய முடியாது. அடுத்த முறை கும்மி. ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்க, கைதட்டு வேறு. பத்து நிமிடத்தில் ஹாலே சுற்றியது. 'ழ'வைக்கூட வேல்ஸ்காரர் ஒருவர் சரியாகச் சொன்னார்.

தமிழில் பல குரலாகப் பாட முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: எம்.பி. சீனிவாசன் அதைச் சென்னையில் 1970களிலேயே செய்து காட்டிவிட்டார். சினிமா இசையமைப்பாளர். இளைஞர்களைச் சேர்த்து சேர்ந்திசைக் குழு அமைத்து, பாரதி பாட்டுகளைப் பல குரலுக்குப் பிரித்துப் பாடவைத்தார். 1988இல் லட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில் இறந்தார். சேர்ந்திசை என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கும்போது கொயர் கொயர் என்று எழுதுகிறேனே என்று எனக்கே உறுத்துகிறது. வாட்ஸ்அப்பில் எல்லோரும் கொயர் என்றுதான் கேட்கிறார்கள், என்ன செய்ய.

உடம்புக்கு நல்லதாமே?

மருந்து என்று சொல்லமாட்டேன். நம்பக்கூடிய இரண்டு செய்தி சொல்கிறேன். ஸ்வீடனில் கோதன்பர்க் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டது: சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத்துடிப்பு ஒன்றுபோல ஏறி இறங்குகிறது, பாட்டின் வரி அமைப்பு மூச்சைக் கட்டுப்படுத்துவதால். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2015இல்: புதிதாகத் தொடங்கிய பாட்டு வகுப்புகளில் சேர்ந்தவர்கள், கைவினை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் சேர்ந்தவர்களைவிட வேகமாக ஒருவரோடொருவர் நெருங்கினார்கள். ஏழு மாத முடிவில் மற்ற வகுப்புக்காரர்களும் அந்த நெருக்கத்துக்கு வந்துவிட்டார்கள். பாட்டு செய்தது தயக்கத்தைச் சீக்கிரம் உடைத்தது. புதிய நாட்டில் முதல் வருடத்தைக் கழிக்கிறவர்களுக்கு அந்தச் சீக்கிரம் பெரிய விஷயம்.

லேசான சளிதான். வரலாமா?

வேண்டாம். 2020 மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொயர் ஒத்திகைக்கு 61 பேர் வந்தார்கள். ஒருவருக்கு அறிகுறி இருந்தது. மொத்தம் 53 பேருக்குக் கொரோனா வந்ததாகக் கணக்கிட்டார்கள், இருவர் இறந்தார்கள். மூடிய அறையில் ஆழமாக மூச்சிழுத்துப் பாடும் வேலை இது. கட்டணத்தை அடுத்த முறைக்கு மாற்றித் தருவோம்.

கட்டணம், சாப்பாடு?

எங்களிடம் நாள் முழுவதற்கும் 18 பவுண்டு, முடியாதவர்களுக்கு 6. காரணம் கேட்கமாட்டோம், அத்தாட்சிச் சீட்டும் பார்க்கமாட்டோம். மதியச் சாப்பாடு ஆளுக்கொன்று கொண்டுவந்து பகிர்வது. புளியோதரை கொண்டுவந்தால் அதில் நிலக்கடலை இருக்கிறது என்று கட்டாயம் எழுதி வையுங்கள். ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள், ஹீட்டர் அதன் இஷ்டத்துக்குத்தான் வேலை செய்யும். வாசனைத் திரவியம் வேண்டாம், பக்கத்தில் ஆஸ்துமாக்காரர் இருப்பார்.

'எல்லோரும்' என்பதை எவ்வளவு நம்பலாம்?

நேர்மையாகச் சொன்னால், ஊருக்கு ஊர் மாறும். அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்கள் அதிகமாகவும் ஆண்கள் கையால் எண்ணக்கூடிய அளவிலும் இருப்பார்கள். அன்பாகச் சிரித்துவிட்டுத் தங்களுக்குள் பேசப் போய்விடும் கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் நாள் முழுக்க என் பெயரை யாரும் கேட்கவில்லை, இரண்டாவது முறை போகவில்லை. போகுமுன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்: சக்கர நாற்காலி உள்ளே வருமா, குறைந்த கட்டணம் உண்டா, நாள் முழுக்க நிற்க முடியாதவருக்கு நாற்காலி உண்டா. பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

முதல் நாள் எங்கே நிற்பது?

ஓரத்தில் நிற்கத் தோன்றும். நிற்காதீர்கள், ஓரத்தில் அடுத்த அணியின் வரி காதுக்குள் வந்து விழும். உங்கள் அணியின் நடுவில், தப்பானாலும் தயங்காமல் பாடும் ஒருவருக்கு முன்னால் நில்லுங்கள். எங்கள் ஊருக்கு வந்தால் ஆல்ட்டோவில் இரண்டாவது வரிசை, சிவப்பு ஸ்வெட்டர். அது நான்தான்.